முக்கால்

ஜொகூரிலிருந்து வந்த காலை விமானம்
பாயான் லெப்பாஸ் மேலே நான்காம் முறை வட்டமிட்டபோது
நான் பூட்டிய கருவிப் பெட்டியைத் திறந்து
மறுபடி பூட்டிக்கொண்டிருந்தேன்.
இரவு வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இடது கால் இறங்கிவிட்டது. மூக்குக் கால் இறங்கிவிட்டது.
விமானி அறையில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு.
கோபுரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்த ஷரிஃபா
வலது பக்கம் கதவே திறக்கவில்லை என்றாளாம்.

இதற்கென்று ஒரு கைப்பிடி உண்டு.
சுழற்றினால் கொக்கி விடும்,
கால் தன் பாரத்தாலேயே விழும்.
வேறெதுவும் உதவாத நேரத்தில் எடையாவது உதவும் என்று
இதை வரைந்தவன் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பான்.
சுழற்றினார்கள்.
விழவில்லை.

தமிழ்ப் பள்ளியில் படித்த வாய்ப்பாடு:
கால், அரை, முக்கால், ஒன்று.
மூன்று கால் உள்ள விமானம் எப்போதுமே முக்கால்தான்.
மீதிக் காலைக் காற்று தருகிறது.
பழைய தமிழில் காற்றுக்கும் கால் என்றுதானே பெயர்.
அன்று வந்தது அரை விமானம்,
காற்றையும் சேர்த்தால் முக்கால்.
இறங்குவதென்றால்
காற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜெரெஜாக் தீவுக்கு மேலே எண்ணெயைத் தீர்த்துவிட்டு
ஒரு வழியாக வந்தது.
இடது சக்கரத்தில் மட்டும் உட்கார்ந்து,
சேற்றில் நடப்பவன் வேட்டியை ஒரு பக்கம் தூக்கிக்கொள்வதுபோல
வலது இறக்கையைத் தூக்கியபடி ஓடியது.
வேகம் இருந்தவரை இறக்கை நின்றது.
பிறகு அவசரமே இல்லாமல் சாய்ந்தது.

ஒரு தாமானின் தகரக் கூரைகளையெல்லாம்
ஒரே இழுப்பில் கிழித்தால் எப்படி இருக்கும்,
அந்தச் சத்தம்.
என்னருகில் ஹெங் காதைப் பொத்தவில்லை,
வாயைப் பொத்திக்கொண்டான்.

நூற்றுப் பதினொரு பேர்.
ஒரு மணிக்கட்டு முறிந்தது. அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் மரியாதையானவர்கள்.
எனக்குத் தண்ணீர்கூட ஊற்றித் தந்தார்கள்.
மேசையில் நான் கையெழுத்திட்ட அட்டை.
பதினாறாம் வரி: வலது கால், மேல் கீல், மசகு இடப்பட்டது.
நினைவிருக்கிறது.
பதினெட்டாம் வரி நினைவிருக்கிறது, விரல் வழுக்கிக் கன்றியது.
பதினேழு?
கதவின் கொக்கி. சுண்டுவிரல் நகம் அளவு ஓட்டை.
கையெழுத்து என்னுடையதுதான்,
சுழியெல்லாம் அப்படியே.
அந்தக் கைதான் நினைவில் இல்லை.

கொக்கி காய்ந்திருந்ததா, தேய்ந்திருந்ததா,
இன்னும் சொல்லவில்லை. அறிக்கை வருமாம்.
அதுவரை எனக்குக் கிடங்கில் வேலை.

விட்டுப்போன பொருள்களைத் திருப்பித் தருவது.
சறுக்கில் குதிப்பதற்கு முன்
குதிகால் உயர்ந்த செருப்புகளைக் கழற்றச் சொன்னார்களாம்.
மூன்று கூடை. எண் ஒட்டி, ஜோடி சேர்த்து வைத்தேன்.
ஐந்தாம் நாள் ஓர் அம்மா வந்தார், பட்டர்வொர்த்திலிருந்து,
பெயர் நாச்சம்மை, கையில் கட்டு.
நீல நிறம் என்றார். தேடினேன்.
ஒன்றுதான் இருந்தது.
பரவாயில்லை தம்பி, கொடுங்க என்று
அந்த ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார்.
வாசல்வரை போய்த் திரும்பினார்.
முகமெல்லாம் வாடியிருக்கே,
பசியாறிட்டீங்களா?

இன்னும் இல்லைம்மா, என்றேன்.

மற்றதை
கூடைகளைக் கவிழ்த்து
இரவு பத்துவரை தேடினேன்.